நாற்பது பக்க நோட்டு



போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு மேல் போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் என் வயதுக்காரர்களுக்கு முதலில் வயிறு கலங்கும். எடுத்தால் என்னிடம் படித்த மாணவர் ஒருவர். பெயர் சொல்லமாட்டேன். எந்த வருஷத்து பேட்ச் என்றும் சொல்லமாட்டேன். யாராயிருக்கும் என்று தேடாதீர்கள். இதை எழுதலாமா என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

"சார், குடியை நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு."

"ரொம்ப சந்தோஷம்பா. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க சார். ஏ.ஏ. மீட்டிங் போறேன். நாலாவது படியில மாட்டிக்கிட்டேன். நேத்து சாயங்காலம் கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன் சார்."

கடை என்றால் எந்தக் கடை என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு. கட்டணம் இல்லை. யார் வருகிறார்கள் என்று வெளியே சொல்வதில்லை. அவர்களுக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. அதில் நான்காவது, தன்னைத்தானே ஒரு கணக்கெடுத்து எழுதுவது. ஐந்தாவது, எழுதியதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது. தம்பி இந்த நான்காம் படிக்கு 192 பக்க லாங் சைஸ் நோட்டு மூன்றை நிரப்பிவிட்டார். மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்து, அப்பாவின் குணம், தாத்தாவின் குணம், சொத்துப் பிரிவினை என்று போய், இன்னும் கல்லூரியைத் தாண்டவில்லை. எழுத எழுதப் பழைய கோபமெல்லாம் புதிதாகக் கிளம்பி, ராத்திரி தூக்கம் போய், கடைசியில் கால் கடை வாசலுக்குப் போயிருக்கிறது.

"உங்க ஸ்பான்சர் என்ன சொல்றார்?" என்றேன். ஸ்பான்சர் என்றால் முன்பே குடியை விட்டு, புதிதாக வருபவருக்கு வழி காட்டுகிற மூத்தவர்.

"சுருக்கமா, சிம்பிளா எழுதுங்கிறார் சார். எனக்கு அது ஏமாத்து வேலையாப் படுது. முழு உண்மையும் வேணும் இல்லையா? நீங்க வரலாறு வாத்தியார். இதை முதல்ல ஆரம்பிச்சவங்க எப்படி எழுதினாங்கன்னு பாத்துச் சொல்லுங்க சார்."

பெருவினாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதினால்தான் மார்க் விழும் என்று உங்களையெல்லாம் நான்தான் கெடுத்து வைத்தேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நான் மருத்துவன் இல்லை, ஏ.ஏ. உறுப்பினரும் இல்லை. ஸ்பான்சர் சொல்வதைக் கேள் என்று சொல்லிவிட்டு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டும் உதவும் விஷயமாக எனக்குப் படவில்லை.

கதை அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் தொடங்குகிறது. டயர் கம்பெனிகளுக்குப் பேர்போன ஊர். 1935 மே மாதம் பில் வில்சன் என்பவர் அங்கே வந்தார். நியூயார்க் பங்குச் சந்தையைச் சேர்ந்தவர். குடியால் எல்லாம் போய், முந்தைய டிசம்பரில்தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை விட்டிருந்தார். ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் வேலையாக வந்து, அது தோற்றுப்போய், மேஃப்ளவர் ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். குடித்துவிடுவோமோ என்ற பயம். அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது: இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் இந்த நேரத்தைத் தாண்டிவிடலாம். அங்கிருந்து ஒவ்வொருவராகப் போன் செய்து விசாரித்து, கடைசியில் ஹென்ரியேட்டா சைபர்லிங் என்ற அம்மையார் மூலம் மறுநாள், மே 12 ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பின்னாளில் எல்லோரும் அன்போடு டாக்டர் பாப் என்று அழைத்தவர். பதினைந்து நிமிஷம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார்.

இந்த இருவருக்குமே ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்பு இருந்தது. அமெரிக்கப் பாதிரியார் ஃபிராங்க் புக்மன் தொடங்கியது. நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்று நான்கு அளவுகோல்கள் வைத்திருந்தார்கள். அவற்றை வைத்துத் தன்னைச் சோதித்து, குற்றத்தை இன்னொருவரிடம் சொல்லி, தீங்கு செய்தவரிடம் போய் ஈடு செய்ய வேண்டும். நான்காம் படியின் வேர் இதுதான்.

டாக்டர் பாப் அந்தக் குழுவுக்கு இரண்டரை வருஷமாகப் போய்க்கொண்டிருந்தார். ஏராளமாகப் படித்தார். ஆனாலும் ராத்திரி ஆனால் குடித்தார். தன் குறை என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கடன் கொடுத்தவர்களையும், தொழிலில் தன்னை நம்பியவர்களையும் பார்த்து உண்மையைச் சொல்லப் பயம். சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று நினைத்தார். வேறு எதுவும் செய்கிறேன், அதை மட்டும் கேட்காதீர்கள் என்பது அவர் நிலை.

பில்லைச் சந்தித்த பிறகும், ஒரு மருத்துவ மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டி போனபோது மறுபடி குடித்தார். திரும்பி வந்தவருக்கு அறுவை சிகிச்சை ஒன்று காத்திருந்தது. கை நடுக்கம் நிற்க அன்று காலை பில் அவருக்கு ஒரு பீர் கொடுத்தார். ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடும் 1935 ஜூன் 10 அதுதான். அறுவை முடிந்தும் டாக்டர் வீடு திரும்பவில்லை. எங்காவது குடிக்கப் போய்விட்டார் என்று வீட்டில் பயந்திருப்பார்கள். அவரோ யார் முகத்தைப் பார்க்கப் பயந்தாரோ அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், தன் நிலையைச் சொல்லி வந்திருக்கிறார். உடம்பு நடுங்கத்தான் போனார். ராத்திரி வெகு நேரம் கழித்து, களைத்து, ஆனால் மகிழ்ச்சியோடு வந்தார். அதன் பிறகு 1950இல் இறக்கும் வரை ஒரு சொட்டும் தொடவில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். இரண்டரை வருஷம் படித்ததும் சிந்தித்ததும் செய்யாததை, ஊருக்குள் ஒரு நாள் அலைந்தது செய்துவிட்டது. அவர் கையில் நீண்ட குறிப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எந்த வாசல்களுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. தன்னைக் கணக்கெடுப்பதன் பயன் அந்த வாசல்களைக் கண்டுபிடிப்பதுதான்.

அடுத்து 1938 டிசம்பர். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில், 182 கிளின்டன் தெருவில் பில் வீடு. அதுவரை ஆறு அம்சங்களாக வாய்மொழியில் சொல்லிவந்ததைப் பன்னிரண்டு படிகளாக அங்கேதான் எழுதினார். ஏன் பன்னிரண்டு? குடிநோயாளி சாக்குச் சொல்வதில் கெட்டிக்காரர். படிகளுக்கு நடுவில் இடைவெளி விட்டால் அதில் நழுவிவிடுவார். ஒவ்வொன்றையும் சின்னதாக உடைத்துக் கொடுத்தால் தப்ப முடியாது. இது பில்லே பிறகு சொன்ன காரணம். தன் அனுபவத்திலிருந்துதான் சொல்லியிருப்பார். மறுவருஷம், 1939 ஏப்ரலில் ஏ.ஏ.யின் முதல் புத்தகம் வந்தது. அப்போது இந்த வழியில் தேறியிருந்தவர்கள் நூறு பேர் அளவில்தான்.

அந்தப் புத்தகத்தில் தன்னை ஆராய்வதற்கு பில் பயன்படுத்திய சொல் வியாபாரச் சொல். கடையில் ஸ்டாக் எடுப்பது. 1925 வாக்கில் மனைவி லோயிஸோடு மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கம்பெனிகளின் உண்மை நிலையை விசாரித்து முதலீட்டாளர்களுக்கு அறிக்கை அனுப்பியவர் அவர். ஸ்டாக் எடுக்காத கடை திவாலாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்டாக் எடுப்பது எனக்கும் தெரியும். நம் பள்ளியில் பல வருஷம் வரலாற்றுப் பிரிவின் இருப்புப் பதிவேடு என் பொறுப்பு. மார்ச் மாதம் பீரோவைத் திறந்து எண்ணுவோம். உலக உருண்டை 4, அதில் அச்சு உடைந்தது 1. வரைபடம் 22, கிழிந்தது 3. உடைந்ததைக் கழிவில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பீரோவைப் பூட்டினால் அரை நாளில் வேலை முடிந்தது. உருண்டை ஏன் உடைந்தது, உடைத்த பையனின் அப்பா எப்படிப்பட்டவர் என்றெல்லாம் எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. எழுத ஆரம்பித்தால் அடுத்த மார்ச் வரை பீரோ திறந்தே கிடக்கும்.

1939 புத்தகம் காட்டும் முறையும் அப்படித்தான். மூன்று கட்டங்கள். யார் மேல் எனக்குக் கோபம்? என்ன காரணம்? அதனால் என்னுடைய எது அடிபட்டது: மானமா, பணமா, ஆசையா, உறவா? மாதிரிக்கு ஒரு பட்டியலும் உண்டு. அதில் மொத்தம் நான்கே பேர். முதலாளி, மனைவி, இன்னும் இருவர். ஒவ்வொருவருக்கும் சில சிறு வரிகள். பிறகு அதே பட்டியலைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறது. அவர் செய்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, இதில் நான் எங்கே சுயநலமாக இருந்தேன், எங்கே பொய் சொன்னேன், எங்கே பயந்தேன் என்று பார். பயங்களுக்கு ஒரு பட்டியல். ஆண் பெண் உறவில் யாரைக் காயப்படுத்தினேன் என்று இன்னொன்று. அவ்வளவுதான். இதற்கான விளக்கமே ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் இல்லை.

டாக்டர் பாப் இன்னும் சுருக்கம். 1937இல் சிகாகோவிலிருந்து வந்த ஒருவரைத் தன் அலுவலகத்தில் உட்கார வைத்து, மூன்று நான்கு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கடக்க வைத்தார். வந்தவரின் குணங்களை டாக்டரே எடுத்து வைத்தார். சுயநலம், கர்வம், பொறாமை, பொறுப்பின்மை, சகிப்பின்மை, முன்கோபம், குத்தல் பேச்சு, மனத்தில் வைத்த வஞ்சம். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பேசினார்கள். கடைசியில் இதெல்லாம் போக வேண்டுமா என்று கேட்டார். வந்தவர் ஆமாம் என்றதும் இருவரும் மேசை ஓரம் மண்டியிட்டு வேண்டினார்கள். அந்த மனிதர்தான் சிகாகோவில் ஏ.ஏ.வை ஆரம்பித்தவர்.

ஏன் இவ்வளவு எளிமையாக வைத்தார்கள்? எனக்குப் புரிந்த வரையில் இரண்டு காரணம். குடியைப் புதிதாக விட்டவரின் மனம் தையல் பிரிக்காத காயம் மாதிரி. அதைத் தினமும் பிரித்துப் பார்த்தால் ஆறாது. இன்னொன்று, நீளமாக எழுதும்போது மற்றவர்களைப் பற்றித்தான் நிறைய எழுதுகிறோம். முன்னூறு பக்கத்தில் அப்பா இருப்பார், மாமா இருப்பார், மேலதிகாரி இருப்பார். நாம் இருக்கவே மாட்டோம். எழுதிக்கொண்டே இருப்பது, ஐந்தாம் படிக்குப் போகாமல் தள்ளிப்போடவும் வசதி. டாக்டர் பாப் இரண்டரை வருஷம் படித்துக்கொண்டே இருந்தது மாதிரி.

இன்னொரு பக்கத்தையும் சொன்னால்தான் நியாயம். எளிமை போதாது என்று பின்னால் நினைத்தவர்களில் பில் வில்சனும் உண்டு. 1944 முதல் பல வருஷம் அவரைக் கடுமையான மனச்சோர்வு வாட்டியது. குடியை விட்டும் மனம் ஏன் அமைதியாகவில்லை என்று தேடினார். 1953இல் படிகளை விளக்கி எழுதிய அடுத்த புத்தகத்தில், கர்வம், பேராசை, காமம், கோபம், பெருந்தீனி, பொறாமை, சோம்பல் என்ற ஏழு பாவங்களை வைத்து நான்காம் படிக்கு நிறையக் கேள்விகள் கேட்டார். அதே புத்தகம் பத்தாம் படிக்கும் வழி சொல்கிறது. கோபம் வந்த அந்த நிமிஷமே ஒரு கணக்கு. ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு கணக்கு. அந்த இரவுக் கணக்கில் வரவும் எழுத வேண்டும். இன்று செய்த நல்லதையும் விடாமல் எழுத வேண்டும். செலவை மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. நீளமான ஆராய்ச்சிக்கு இடம் உண்டு. அது வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். முதல் தடவையே முழுசாகத் தீர்க்க வேண்டியதில்லை.

1950 ஜூலையில் கிளீவ்லாந்து நகரில் ஏ.ஏ.யின் முதல் சர்வதேச மாநாடு. டாக்டர் பாப் புற்றுநோயால் உருக்குலைந்திருந்தார். சில நிமிஷம்தான் பேச முடிந்தது. இந்த வழியின் எளிமையைக் காப்பாற்றுங்கள், மன ஆராய்ச்சிச் சிக்கல்களால் இதைக் குழப்பிவிடாதீர்கள், எல்லாவற்றையும் வடிகட்டினால் அன்பும் தொண்டும்தான் மிச்சம், நாக்கைக் காத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் அவர் பேச்சின் சாரம். அந்த நவம்பர் 16ஆம் தேதி காலமானார். சிந்திக்கத் தெரியாததால் எளிமை பேசியவர் இல்லை. சிந்தித்துக்கொண்டே குடித்த அனுபவம் அவருக்கு இருந்தது.

இதையெல்லாம் தம்பிக்குப் போனில் சொன்னேன். "உன் ஸ்பான்சர் சொன்னதுதான் சரிப்பா. மூணு நோட்டையும் கட்டி அவர்கிட்ட கொடுத்து வை. நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கு" என்றேன். ஒன்றும் சேர்த்துச் சொன்னேன். அப்பா பற்றிய பக்கங்களில் சின்ன வயதில் பட்ட அடி நிறைய இருக்கிறதென்றால், அதற்கு மனநல மருத்துவரைப் பார். ஸ்டாக் நோட்டில் அதைத் தீர்க்க முடியாது. ஏ.ஏ.காரர்களும் மருத்துவரைப் பார்க்காதே என்று சொல்வதில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை பகலில்.

"ஆறு பக்கத்துல முடிஞ்சிடுச்சு சார். ஞாயித்துக்கிழமை ஸ்பான்சர்கிட்ட படிச்சிட்டேன். ராத்திரி நல்லா தூங்கினேன்."

சந்தோஷப்பட்டேன். அவர் வைக்கவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். அந்த லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கு."

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் வாசித்தார். யார்: வரலாறு சார். காரணம்: உலக வரைபடம் கிழிந்த அன்று, செய்யாத தப்புக்கு எல்லார் முன்னாலும் அறைந்தார். அடிபட்டது: மானம். என் பக்கம்: ஒரு வாரம் அவர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். குடிக்கிறதுக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

"அந்தக் காத்துக்கு மன்னிப்புக் கேக்கத்தான் சார் போன் பண்ணேன்."

பதிவேட்டில் நான் எழுதியது ஞாபகம் வந்தது. வரைபடம் 1, கிழிந்தது, கழிவு. என் கையெழுத்து. அறைந்தது அதில் இல்லை. அன்று காலை தலைமையாசிரியர் என்னை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டிருந்தார். அந்தக் கோபத்தில் வகுப்புக்கு வந்தவன், விசாரிக்காமல் பக்கத்தில் நின்ற பையனை அறைந்தேன். தெரியாமல் செய்யவில்லை. மறுநாளே உண்மை தெரிந்தது. வாத்தியார் போய் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

"நான்தான்பா உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். மன்னிச்சிடு" என்றேன். அவர் அழுதார். நானும்தான்.

அவருக்கு இப்போது எட்டு மாதம் முடிந்துவிட்டது. இன்றைக்கு இன்றைக்கு என்றுதான் எண்ணுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், இன்றைக்கு அவர் குடிக்கவில்லை.

நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது, அதைத் தீர்த்தாயிற்று. இன்னும் நான்கு பெயர் எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். இந்த வாரம் நானே போன் செய்கிறேன். எனக்கு ஞாபகம் இல்லாத யாரையாவது நான் அநியாயமாக அடித்திருந்தால், தயங்காமல் கூப்பிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

குடியால் யாராவது தவித்துக்கொண்டிருந்தாலும் கூப்பிடுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்